மஞ்சள் துணியும் முன்சக்கரமும்

தொண்ணூறுகளில், தனித்தனியாக ஓட்டி நேரம் பார்க்கும் சைக்கிள் பந்தயம் மலேசியாவின் கிள்ளான் துறைமுகச் சாலையில் நடந்தது. சக்கரம் விற்கும் நானும் போயிருந்தேன். ஒல்லியான ஒரு நர்ஸ், எங்கள் ஊர் வழக்கில் மிஸ்ஸி, ஹேண்டில்பாரில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பந்தயத்துக்கும் கட்டுவார்.

"முருகனுக்கு வேண்டுதலா, மிஸ்ஸி?" என்று கேட்டு, காற்றைக் கிழிக்கும் பட்டையான டீப் ரிம் முன்சக்கரத்தை நீட்டினேன்.

"வேண்டுதல் இல்லண்ணே, காத்து எந்தப் பக்கம்னு பாக்கறேன். இன்னிக்குப் பக்கவாட்டுல அடிக்குது. முன்னாடி ஒல்லி ரிம் போதும்லா."

"டீப் ரிம்தான் வேகம், மிஸ்ஸி."

"என் எடைக்கு அது கப்பல் பாய்ணே, காத்து தள்ளிடும்."

பட்டை ரிம் பூட்டிய ஆண்கள் காற்றில் தடுமாறி நிமிர்ந்தார்கள். குனிந்த முதுகு நிமிராமல் வந்த அவருக்குத்தான் முதலிடம். அந்த ஒல்லிச் சக்கரம் என் கடையில் வாங்கியது என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இன்றும் பத்துமலை முருகன் கோயிலில் மஞ்சள் துணியைக் கண்டால், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுகிறேன்.