சாப்பாட்டுக்கு ஒரு மனு

முதலியார்பேட்டையில் அந்தத் தலைவர் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசலில் மாலையும் கையுமாகக் கட்சிக்காரர்கள் நிற்பார்கள். அங்கே கால் கடுக்க நின்றாலும் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். காரியம் நடந்தது கொல்லை வாசலில், அவர் மனைவியிடம். அந்த அம்மாவுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அவர்கள் வீட்டுத் துரைசானிகளுக்கு இருந்த ‘மதாம்’ என்ற பட்டம், ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாத இவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. தலைவர் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் மனைவி பேசலாம். அதுவும் ஒரு விஷயம் மட்டும். இரண்டாவதை எடுத்தால் இலையை விட்டு எழுந்துவிடுவார். அதனால் பெண்கள் நாங்கள் காலையிலேயே போய்க் கொல்லையில் உட்காருவோம். மதாம் எல்லோரையும் விசாரித்து, அன்றைக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்.

என் வீட்டுக்காரர் மராமத்து இலாகாவில் குமாஸ்தா. அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. ஆந்திராவுக்குள் எங்கோ இருக்கும் அந்த ஊருக்குத் திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். எனக்கு அப்போது எட்டாம் மாதம். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது பிரசவத்தில் நானே செத்துப் பிழைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். எனக்குத் தாய்வீடு என்று ஒன்றும் கிடையாது. அவரோ யாரிடமும் போய் நிற்க மாட்டார். "கவர்மென்ட் ஆர்டரு, நாம என்னா பண்றது" என்று பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்தேன்.

மூன்று நாள் போனேன். மூன்று நாளும் வேறு யாருக்கோதான் வாய்த்தது. சனிக்கிழமை போனபோது கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். மதாம் பாதி திறந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு யாரும் வேணாம்மா. நாளைக்கு வா."

"சாயங்காலம் ரயிலு மதாம். நாளைக்கு வந்து நான் என்னாத்த கேக்கறது?"

"காரைக்கால்ல எங்கம்மா இழுத்துக்கினு கெடக்குறாங்க. போய்ப் பார்த்துட்டு வரேன்னு அவருகிட்ட கேக்கணும். மூணு வாரமா ஊர் விஷயத்தையே சொல்லிச் சொல்லி என்னோடத தள்ளிப் போட்டுட்டேன்."

ஊரையே ஆட்டிவைக்கும் அம்மா, பெற்ற தாயைப் பார்க்க அனுமதி கேட்க வேண்டுமா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைய சாப்பாடும் எனக்கு இல்லை என்பது மட்டும்தான் உறைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு அவர் காலில் விழுந்தேன்.

"உங்கம்மா நாளைக்கும் இருப்பாங்க மதாம். எங்க வூட்டுக்காரரு இருக்க மாட்டாரு."

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வந்து உக்காரு" என்றார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். சாம்பார் ஊற்றும்போது என் விஷயத்தை நாலு வார்த்தையில் சொன்னார். தலைவர் "உம்" என்றார். இடது கையால் டெலிபோனை எடுத்து யாரிடமோ இரண்டு வரி பேசினார். அவ்வளவுதான். நான் ஒரு வாரமாகச் சோறு தண்ணீர் இல்லாமல் புரண்டது, அவர் ரசத்துக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

மதாம் அங்கேயே நின்றார். வாய் திறந்தார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மோர் ஊத்தட்டுமா?" என்றார் மதாம்.

மாற்றல் அன்றைக்கே ரத்தானது. அடுத்த மாதம் வலி எடுத்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். மகள் பிறந்தாள், பிழைத்தாள். குழந்தையைக் காட்டக்கூட அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. போக எனக்கு முகம் இல்லை.

நான் காலில் விழுந்த மறுநாள் காலையிலேயே காரைக்காலிலிருந்து தந்தி வந்துவிட்டது. அதற்கு மதாம் சாப்பாட்டு நேரம்வரை காத்திருக்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. தந்தியைப் படித்ததும் தலைவரே காரை வரவழைத்து அவரை ஏற்றி அனுப்பினாராம்.