அம்மாவுக்குச் சொல்லாத நோய்

அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்பது கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அம்மா ஒருத்தியைத் தவிர. சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டரே அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். நான் வெளியே வந்து, "சின்னக் கட்டிதாம்மா, எடுத்துட்டா சரியாப் போயிடுமாம்" என்றேன். அதன்பிறகு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆப்பிளோடு வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே மடக்கி, "உள்ள போய் அழுதீங்கன்னா நடக்கறதே வேற" என்று மிரட்டுவதே என் வேலையாகிப் போனது.

காரணம் இருந்தது. பெரியம்மா இதே நோயில்தான் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் அம்மா. காரியம் முடிந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு இது வந்தா கத்தி கித்தி வெக்கக் கூடாது. வூட்லயே வுட்டுடுங்க." அவள் சொன்னால் சொன்னதுதான்.

தம்பி சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். அங்கேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றான். பேரனைப் பார்த்துவிட்டு, அப்படியே கட்டியையும் காட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லி அம்மாவைக் கிளப்பினோம். விமானத்தில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "வத்தல்மலைல பனி எறங்குன மாதிரி இருக்குது பாரு" என்று சிரித்தாள்.

அங்கே டாக்டர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். அவர் நிறுத்தி நிதானமாக வெகுநேரம் பேசினார். நான், "வெள்ளிக்கிழமை எடுத்துடலாங்கறாரும்மா" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, தான் சொன்னது இவ்வளவுதானா என்று கேட்டார்.

அவரைத் தனியே பிடித்துக் கெஞ்சினேன். தெரிந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஊருக்குத் திரும்பிவிடுவாள், செத்துப் போவாள் என்றேன். "நோய் உங்கள் அம்மாவுடையது, அவருக்குத் தெரியாமல் நான் கத்தியைத் தொட மாட்டேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் அம்மாவைப் பற்றி இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்?

மறுநாள் மொழிபெயர்த்துச் சொல்ல ஆஸ்பத்திரியே ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பியது. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தப் பெண் ஒன்றையும் விடாமல், புற்றுநோய் என்ற வார்த்தை உட்பட, பொறுமையாகச் சொல்லி முடித்தாள்.

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எடுத்தா பொழைச்சிக்குவனாங்க?"

"பிழைக்க வாய்ப்பு இருக்கும்மா. ஆனா உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாரு. எடுக்காட்டா ரொம்ப நாள் தாங்காதாம்."

"அப்ப எடுத்துரட்டுங்க."

அவ்வளவுதான். எதற்கு என்ன பதில் சொல்வாளோ என்று நான் ராத்திரி பகலாகப் பயந்து செத்தேனோ, அதை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"சேலத்துலயே தெரியும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு மூடியபோது தம்பியைத்தான் பார்த்தாள். இப்படியே, என்னோடு பேசாமலே போய்விடுவாளோ என்று வெளியே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க எனக்கு உயிரே இல்லை.

டாக்டர் வெளியே வந்து, முழுக்க எடுத்தாகிவிட்டது, வேறெங்கும் பரவவில்லை என்றார். தம்பி அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் காலை அம்மா நன்றாகக் கண் விழித்தாள். நான் குனிந்து அவள் காதருகே சொன்னேன்: "அம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. வேற எங்கயும் பரவலையாம். இனிமே பயமில்ல."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணக் கூப்புடு" என்றாள். "அது வந்து சொல்லட்டும்."