சண்டை போட்டு வாங்கிய வெளிச்சம்

எதிர் வீட்டு ராசப்பன் அண்ணன் பொய் சொல்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியிருந்த பந்தலில், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டை விற்றுவிட்டுத் திருச்சிக்கு மகள் வீட்டோடு போகிறார் என்று தெருக்காரர்கள் சால்வை போர்த்திக் கேசரி கொடுத்தார்கள். தின்றுவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "எதிர் வீட்டுத் தங்கச்சி சமையக்கட்டு இருட்டாக் கெடந்துச்சு. நாந்தான் கண்ணாடி மாட்டி வெளிச்சம் குடுத்தேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். அவரை வீட்டுக்கு வந்து கவனித்துக்கொண்டேன்.

நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். அந்தச் சமையலறை என்றாலே நினைப்பு நாலு பக்கம் ஓடும், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீரமங்கலத்தில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி. வாசலில் நின்று பார்த்தால் கடைசியில் இருக்கும் அடுப்பு வரைக்கும் நேர்கோடுதான். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் பின்தெருக்காரர் சுவர், தலைக்கு மேலே கொழுந்தனார் குடும்பம். ஜன்னல் எங்கே வைப்பது? நான் பிறந்தது வல்லத்திராக்கோட்டை. அங்கே எங்கள் சமையலறையில் கீரையில் இருக்கிற புழுவுக்குக்கூட முகம் தெரியும். இங்கே வாக்கப்பட்டு வந்த முதல் வாரம், சர்க்கரை என்று நினைத்துக் கோலமாவைக் கலக்கி மாமனாருக்குக் காப்பி கொடுத்தேன். அவர் நல்ல மனுஷன். முழுசாகக் குடித்துவிட்டு, "காப்பி கொஞ்சம் கெட்டியா இருக்கு ஆத்தா" என்றார்.

மாமனாரை ஏமாற்றலாம், வியாபாரத்தில் முடியுமா? பூ மார்க்கெட்டுக்கு நான் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பையனின் பள்ளிக்கூடச் செலவு அதில்தான் ஓடியது. கரண்ட் போய்ப்போய் வந்த வருஷங்கள் அவை. பல்பு இருந்தது, நான் சமைக்கிற நேரம் பார்த்து எரியாது. மண்ணெண்ணெய் விளக்குதான் துணை. இப்போதும் எங்காவது மண்ணெண்ணெய் வாசம் அடித்தால் எனக்கு ஹேர்பின் ஞாபகம்தான் வரும். ஏனென்றால் அந்த விளக்கு வெளிச்சத்தில் வைத்த சாம்பாரில்தான் பூ வியாபாரி பழனிக்கு ஒரு ஹேர்பின் கிடைத்தது. கழுவி, வாழை இலையில் மடித்து, கொண்டுவந்து நீட்டினான். "அக்கா, ஒங்களுதான்னு பாருங்க. இல்லேன்னா யாருதுன்னு நாம யோசிக்கணும்."

என்னுடையதுதான். அடுத்த வாரம் ரசத்தில் என் வீட்டுக்காரரின் சட்டைப் பொத்தான். அதற்கப்புறம் மார்க்கெட்டில் எல்லாரும் சோற்றை விரலால் கிளறி, புதையல் தேடுகிற மாதிரி பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். பழனி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்தாப்புல பல்லி கில்லி கெடந்துச்சுன்னா ஒருத்தனும் வாங்க மாட்டாங்கக்கா" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம் வைத்தியங்கள். கொத்தனார் வந்து கூரையில் ஓட்டை போட்டுக் கண்ணாடி பதிக்கலாம் என்றார். போட்டால் வெளிச்சம் வராது, கொழுந்தனாரின் கால் விரல்தான் தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில், இருட்டுச் சமையலறைக்கு வெளிர் நிறம் அடியுங்கள் என்று போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் மலிவாகக் கிடைத்தது என்று ஆட்டோவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்டை வாங்கிவந்து அடித்தார். இருட்டில் எல்லா நிறமும் ஒரே நிறம் என்பது அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அடுத்து, சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளிபோலப் பளபளக்கிறதே என்று, பையனைத் தின்னவைத்து, பாக்கெட்டுகளைப் பிரித்து வரிசையாகச் சுவரில் ஒட்டினேன். பளபளத்தது. ஆனால் ஒட்டுவதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கீரமங்கலத்து எறும்பு முழுக்க எங்கள் சுவருக்குக் குடிவந்தது. சாம்பாரில் ஹேர்பின் போய் எறும்பு வந்தது.

கடைசியில் வீட்டுக்காரர், உடைந்த டிரெஸ்ஸிங் டேபிளின் கண்ணாடியைக் கழற்றி, அடுப்புக்குப் பின்னால் வாசலைப் பார்த்து மாட்டினார். வாசலில் இருந்து வருகிற கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அதில் பட்டு இரண்டாகும் என்பது அவர் கணக்கு. ஒன்றும் ஆகவில்லை. எதிர் வீட்டில்தான் ஆனது.

ராசப்பன் அண்ணனுக்கு உரக்கடை. அவர் வாசல் எங்கள் வாசலுக்கு நேர் எதிர். நாங்கள் கண்ணாடி மாட்டிய வாரம் அவர் ஸ்கூட்டர் பஞ்சர், பசுமாட்டுக்குக் கழிச்சல், கடையில் எலி. அவர் சம்சாரம் வளர்மதி அண்ணி தன் வாசலில் நின்று பார்த்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கடைசியில், அந்தக் கண்ணாடிக்குள், தன் வீட்டு வாசல் தெரிந்திருக்கிறது. முடிந்தது கதை. நாங்கள் கண்ணாடி வைத்து அவர்கள் மேல் திருஷ்டியைத் தள்ளிவிட்டோமாம். அண்ணன் நடுத்தெருவில் நின்று சொன்னார்: "எங்க வாசலப் பாத்துல்ல வச்சிருக்க? அனுப்புனது அம்புட்டும் ஒனக்கே திரும்பி வரும், பாத்துக்க."

சொன்ன கையோடு ஒரு பழைய பீரோக் கண்ணாடியைத் தன் வாசலுக்கு மேலே, எங்கள் வீட்டைப் பார்த்துச் சாய்த்து மாட்டினார்.

திரும்பித்தான் வந்தது. மறுநாள் காலையில் வெயில் எங்கள் மாடியைத் தாண்டி அந்தக் கண்ணாடியில் விழுந்து, தெருவைக் கடந்து, கூடத்தைக் கடந்து, நேராக என் சமையலறைக்குள் நுழைந்தது. உள்ளே எங்கள் கண்ணாடியில் பட்டுச் சிதறியது. ஆட்டோ மஞ்சள் தகதகவென்று எரிந்தது. கையில் கத்தரிக்காயோடு நகைக்கடைக்குள் நிற்கிற மாதிரி நின்றேன். எந்தக் கத்தரிக்காய் சொத்தை என்று வெட்டுவதற்கு முன்னாலேயே தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்து அதுதான் முதல் தடவை.

சந்தோஷப்பட்டதைக் காட்டினால் கழற்றிவிடுவாரே. அதனால் வாசலுக்கு ஓடிப்போய்த் திட்ட ஆரம்பித்தேன். கண் கூசுகிறது, அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை, மனுஷன் செய்கிற வேலையா இது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அதுவே தினப்படி வேலையானது. வெயில் மாதத்துக்கு மாதம் நகரும், வெளிச்சமும் அடுப்பை விட்டு விலகும். அப்போது நான் போய், "இப்பப் பரவால்ல. இங்கிட்டு மட்டும் திருப்பிராதீங்க, என்னால தாங்க முடியாது" என்பேன். உடனே ஏணியைப் போட்டு அங்கேயே திருப்பி வைப்பார். எனக்குத் தேவையான இடத்துக்கு, அவர் கையாலேயே. எவ்வளவு ஏமாந்த மனுஷன் என்று உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

எனக்குப் பெரிய பயம் சமாதானம்தான். வீட்டுக்காரருக்குச் சண்டை ஆகாது. தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, இளித்தபடி எதிர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பாதித் தெருவில் மறித்துப் பழத்தைப் பிடுங்கினேன். அவர் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நடுத்தெருவில் ஒரு பலாப்பழத்தை இழுத்துக்கொண்டு நின்றதை டவுன் பஸ் ஜனம் முழுக்கப் பார்த்தது. பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேச வந்தார்கள். அண்ணன் சரி என்றார், நான் முடியாது என்றேன். ஊரில் எனக்கு ராங்கிக்காரி என்று பெயர் வந்தது. மார்க்கெட்டில் சாப்பாடு மட்டும் இரண்டு மடங்கு போனது.

அவர் மகள் கல்யாணத்துக்கு வளர்மதி அண்ணியே தட்டோடு வந்து நின்றது. சின்னதில் நான் தலை பின்னிவிட்ட பிள்ளை அது. நான் போகவில்லை. வீட்டுக்காரரிடம், சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பிள்ளை என்ன நிறத்தில் புடவை கட்டியிருந்தது என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம்.

பிறகு புயல் வந்தது. நம் பக்கத்துக்காரர்களுக்கு எந்தப் புயல் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்னை சாய்ந்தது, பலா சாய்ந்தது, எதிர் வீட்டுக் கண்ணாடி தூள்தூளானது. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கண்ணாடி அதற்கு முன்னாலேயே எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பழுப்பேறிக் கழன்றுவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லை. சண்டைக்குக் காரணமும் இல்லை. நான் மறுபடி விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தெருவில் விழுந்த மரத்தைக்கூட இன்னும் வெட்டி முடிக்கவில்லை. அண்ணன் ஏணியைப் போட்டார். சலூனில் இருப்பது போன்ற பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினார். நான் எதுவும் சொல்லாமலே, திருப்பாமலே, வெளிச்சம் நேராக அடுப்பில் விழுந்தது. பழக்கதோஷத்தில் நானும் வாசலுக்குப் போய் நின்றேன்.

"கூசுதா?" என்றார்.

"கூசுது" என்றேன்.

"அப்பச் சரி" என்று இறங்கிப் போய்விட்டார்.

என்ன வன்மம் பாருங்கள் என்று அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மரம் வெட்டப் போய்விட்டார்.

இப்போது என் சமையலறையில் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர். கரண்ட் போனதே தெரிவதில்லை. எதிர் வீட்டை வாங்கியவர் இடித்துக் கடை கட்டப்போகிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கிறது. பத்து மணிக்குக் கால் தானாக வாசலுக்குப் போகிறது. திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. அப்படியே நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன்.

அதனால் ராசப்பன் அண்ணனை நேராகவே கேட்கிறேன். ஆரம்பத்தில் மாட்டியது திருஷ்டிக்கு. அதைத் தெருவே கேட்டது. அதில் புண்ணியம் தேட வேண்டாம். ஆனால் என் அடுப்புக்கு வெளிச்சம் போகிறது என்று உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது? புயலுக்கு அப்புறமா, அதற்கு முன்னாலேயேவா? நான் திருப்பாதீங்க என்று சொல்லச் சொல்லத் திருப்பினீர்களே, அப்போதே தெரியுமா? தெரிந்துகொண்டேதான் தினமும் நின்று என்னிடம் திட்டு வாங்கினீர்களா? தெரியும் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா, அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்காவது நான் வந்திருப்பேன். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில், எல்லாரும் பார்க்கிற மாதிரி, உங்கள் வாயால் பேசிப் போடுங்கள். என்றைக்குத் தெரியும்?