சகலையின் மஞ்சள் ஜீப்

தியாகதுருகத்து எட்வினுக்குத் தன் சகலை சாமைப் பார்த்தாலே வயிறு எரியும். காரணம், ஒரு மஞ்சள் ஜீப்.

இருவருக்கும் ஒரே விமான நிலையத்தில்தான் வேலை. ஓடுபாதைக்குப் போகும் வழியெங்கும் நிற்கிற பலகைகளின் விளக்குகளைப் பழுதுபார்ப்பது எட்வினின் பொறுப்பு. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் விமானம் நிற்கிற பாதையின் பெயர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் திரும்ப வேண்டிய திசை. சிவப்புப் பலகை வந்துவிட்டால் கோபுரத்தின் அனுமதி இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது. இருட்டில் பைலட்டுக்கு இவைதான் துணை. ஆனால் பல்பு மாற்றுகிறவனை யார் பார்க்கிறார்கள்?

சாம் ஓட்டுவது, 'என் பின்னால் வா' என்று முதுகில் எழுதிய ஜீப். பழக்கமில்லாத விமானம் இறங்கினால் அவன்தான் முன்னால் போய் நிறுத்தும் இடத்தைக் காட்டுவான். கல்வராயன் மலைக் கரியாலூரில் மரவள்ளிக்கிழங்கு லோடு அடித்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து அங்கே சேர்த்துவிட்டதே எட்வின்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

நைனார்பாளையத்தில் மாமியார் இசபெல்லா தெருவையே கூட்டி வைத்துச் சொல்வார்: "எங்க சின்ன மாப்ள முன்னால போனாத்தான் பிளேனு வூடு போய்ச் சேரும்."

"பெரிய மாப்ள இன்னா பண்றாரு?"

"அவரு லைட்டு மாட்றாரு."

இந்த வருடம் இரண்டாவது ஜீப் வந்தது. ஓட்ட ஆள் கேட்டார்கள். எட்வின் முந்திக்கொண்டு எழுதிக் கொடுத்தான். சோதனைக்கு முந்தின நாள் சாம் போன் செய்தான்.

"சகலை, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. திருப்பத்துல ஹெட்லைட்ட தூக்கி அடிச்சிடாத. நம்ம மலைப் பழக்கம், கை தானா போவும். நானே முதல்ல வாங்கிக் கட்டிக்கினேன்."

"பலக நான் மாட்டறேன், எனக்கே நீ கிளாஸ் எடுக்கறியா?" என்று எட்வின் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் சோதனை. பாதுகாப்பு அதிகாரி நிர்மலா பக்கத்தில் உட்கார்ந்தார். ஓரத்து நீல விளக்குகளுக்கு நடுவே எட்வின் அழகாகத்தான் ஓட்டினான். சிவப்புப் பலகையில் நின்றான், அனுமதி கேட்டான், கடந்தான். பாதைகள் சேரும் இடம் வந்தது. வலது பக்கத்திலிருந்து ஒரு விமானம் மெல்லத் திரும்பியது. கல்வராயன் மலை வளைவில் எதிரே பஸ் வந்தால் 'நான் இருக்கேன்' என்று லைட் அடிப்போமே, அதே கை, அதே விரல். பளீர், பளீரென்று இரண்டு தரம்.

விமானம் சடாரென்று நின்றது.

"பைலட் கண்ணுல நேரா அடிச்சிட்டீங்க," என்றார் நிர்மலா. "அவருக்கு இப்ப பலகையும் தெரியாது, பாதையும் தெரியாது. ஓரமா நிறுத்துங்க."

வேலை போகவில்லை, ஜீப் போய்விட்டது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனார்கள். லைட் அடித்த கதை அதற்குள் இசபெல்லா காதுக்கு எட்டியிருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததுமே அவர் சின்ன மருமகன் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? கூடவேதான இருக்கறீங்க?"

சாம் எட்வினைப் பார்க்கவில்லை. "மறந்துட்டேன் அத்த," என்றான்.

"நல்லா மறந்தீங்க! தன் சோலி ஆச்சின்னா போதுமா?" சின்ன மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் விழுந்த முதல் வசவு. எட்வினுக்கு இரண்டு கவளம் இனிப்பாக இறங்கியது. மூன்றாவது இறங்கவில்லை.

"அவன் சொன்னான் அத்த," என்றான். "நான்தான் கேக்கல."

இசபெல்லா வாயைப் பிளந்தார். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ ராணியம்மா, இங்க வா! எங்க சின்ன மாப்ள பண்ணத கேட்டியா? சகலைக்காவ பழிய தன்மேல போட்டுக்கினு வாயத் தொறக்காம உக்காந்துக்கினு கீறாரு!"

பக்கத்து வீட்டு ராணியம்மாள் வந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். பேசாமலே இருந்திருக்கலாம் என்று எட்வினுக்கு அந்த நொடியே தோன்றியது.