குப்புராஜை வெளியே அனுப்பிவிட்டு விற்ற வீடு

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கடைசி வீடு திலகவதியுடையது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. அவள் புருஷன் குப்புராஜ் இரும்பு உருக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பர்னஸ் உலைக்கு முன்னால் நின்று சம்பாதித்துக் கட்டியது. கொத்தனாருக்குச் சித்தாளாக நின்று செங்கல் சுமந்தவள் திலகவதிதான். அவளைப் பெற்றவர்கள் ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இரண்டு குடும்பத்திலும் சொந்தப் பெயரில் பட்டா வாங்கிய முதல் ஆள் குப்புராஜ்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது. ஒரு வருஷத்துக்குள் சட்டை மாட்டும்போதே வாங்கியது. வேலையை விட்டு நின்றார். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நுரையீரல் பூரா தூசி உறைஞ்சிருக்கும்மா. போனது திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்தணும்னா அந்தக் காத்துல அவர வைக்காதீங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் திலகவதி வீட்டை விற்கத் துணிந்தாள். ஒரே மகள் பூமிகாவை ஊத்துக்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே சுற்றிலும் வயல். அங்கே போய்விட்டால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று நம்பினாள்.

வீடு பார்க்க வந்த புரோக்கர் சாலமோன் ஜன்னல் கம்பியில் விரலை இழுத்துக் காட்டினார். விரல் நுனி கறுத்திருந்தது.

"ஊடு நல்ல ஊடுக்கா. பத்திரத்துலயும் வில்லங்கம் இல்ல. ஆனா பார்ட்டி கைய வச்சா கரி ஒட்டுதே, இத பாரு மொதல்ல." கொஞ்சம் தயங்கினார். குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்னு, தப்பா எடுத்துக்காத. அண்ணன் இப்டி கட்டில்ல குந்திகினு இரைச்சிகினு இருந்தா எவன் வாங்குவான்? பார்ட்டி வரும்போது அவர எங்கனா அனுப்பிடு."

எவ்வளவு தாழ்த்தினாலும் இரண்டு அறை வீட்டில் கேட்காமலா இருக்கும்? கட்டிலில் இருந்த குப்புராஜ், "அவரு சொல்றதும் நாயந்தானே" என்றார்.

விரிசல்களில் பட்டி பூசினாள். வெள்ளை அடித்தால் நாலே நாளில் கரியைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று சுவரெல்லாம் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னாள். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் விடியும்போதே எழுந்து மாடியைக் கழுவுவாள். தண்ணீர் கறுப்பாக ஓடி, பிறகு பழுப்பாகி, கடைசியில் தெளியும். வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடியைக்கூட விடவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள்.

அது முடிந்ததும் குப்புராஜை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவாள். பிளாட்பாரத்து பெஞ்சில், மூச்சுக்கு இழுக்கும் மருந்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் போன் செய்யும்வரை அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக வந்த பார்ட்டி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லி மூன்று மணிக்கு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, சமையல்கட்டு சிறிசு என்று சொல்லிப் போய்விட்டது. திலகவதி ஸ்டேஷனுக்கு ஓடினாள். குப்புராஜ் அதே பெஞ்சில் இருந்தார். கழிப்பறை பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில். அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு மூச்சு இல்லை. லுங்கி நனைந்திருந்தது.

"ஊடு முடிஞ்சிதா?" என்று கேட்டார்.

"இல்லய்யா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அடுத்த வாட்டி கறுப்பு பேண்டு குடுத்தனுப்பு. தெரியாது."

திலகவதி அங்கே அழவில்லை. நைட்டிக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி, கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிவந்தாள்.

ஆறாவதாக வந்தவர்கள் அன்புராஜும் அவன் மனைவி காயத்ரியும். சின்ன வயசு. இடுப்பில் ஏழு மாதக் குழந்தை. காயத்ரிக்குச் சமையல்கட்டு ஜன்னல் பிடித்துப்போயிற்று. கீழே இறக்கிவிட்டதும் குழந்தை கூடத்தில் தவழ்ந்தது. காலையில் கழுவிய தரை, அதனால் உள்ளங்கை கறுக்கவில்லை. திலகவதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் இருப்பவரை நினைத்தாள்.

"தண்ணி நல்லா வரும்மா" என்றாள்.

சாலமோன் எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்கே பேச்சு முடிந்தது.

பத்திரப் பதிவு அன்றைக்குக் குப்புராஜை ஒளித்து வைக்க முடியாது. வீடு அவர் பெயரில் இருந்தது. பதிவு ஆபீஸ் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். நீலம் பாய்ந்த உதட்டைக் காயத்ரி பார்த்துவிட்டாள். குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

திலகவதிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அந்த கம்பெனியாலயும் அந்த காத்தாலயும் வந்ததுதாம்மா இது. நான் மறச்சிட்டேன். இன்னும் கையெழுத்து ஆவல. வேணான்னா அட்வான்ச திருப்பித் தந்துடறேன். கொயந்தய வச்சிகினு இருக்கற..."

காயத்ரி புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான் அன்புராஜ். "நானும் அங்கதான் ஏழு வருசமா வேல செய்றேன். இப்ப இருக்கறது காம்பவுண்டு சொவத்த ஒட்டின ஷீட்டு ரூம். அதுல ஜன்னலே கெடையாது. வேற எடத்துல வாங்கணும்னா இந்த ஜென்மத்துல நடக்காது." பிறகு குப்புராஜ் பக்கம் திரும்பினான். "அண்ணன் எந்த பர்னஸு?"

"ரெண்டு" என்றார் குப்புராஜ்.

"நானும் ரெண்டுதாண்ணா."

உள்ளே போனார்கள். கைரேகை மிஷினில் குப்புராஜின் கட்டைவிரலை நாலு தடவை வைத்தும் ரேகை விழவில்லை, சூட்டில் தேய்ந்திருந்தது. ஐந்தாவது தடவை எடுத்துக்கொண்டது. வீடு கைமாறியது.

சாமர்த்தியமாக விற்றுவிட்டாள் என்று தெருவே பேசியது. ஊத்துக்கோட்டையில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. பின்கதவைத் திறந்தால் நெல் வயல். திலகவதி கட்டிலைக் கதவோரமாகப் போட்டாள். காற்று அவர் முகத்துக்கு நேராக வந்தது. அதை உள்ளே இழுக்கத்தான் அவரால் முடியவில்லை. ஐந்து மாதம் இருந்தார். ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், அவள் வெந்நீர் கொண்டுவரப் போன நேரத்தில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் பூமிகா, "அந்த ஊடு வித்த டப்புல இங்கயே சின்னதா ஒரு ஊடு வாங்கிக்கயேம்மா" என்றாள்.

"யாரு குந்தறதுக்கு?" என்றாள் திலகவதி.

இப்போது அவள் ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு டிபன் கடையில் மாவரைக்கிறாள். கும்மிடிப்பூண்டி பஸ் கடைக்கு நேராகத்தான் நிற்கும். அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. காயத்ரியின் குழந்தை இந்நேரம் நடக்க ஆரம்பித்திருக்கும் என்று சில சமயம் தோன்றும். உடனே கிரைண்டரைப் போட்டுவிட்டு, அடுத்த ஈடு அரிசியை அளக்கப் போய்விடுவாள்.