க்ளெம்மின் தோள்வலி

ஆர்வில் ஸ்டானெக் பதினோரு வருடம் பேஸ்பால் சின்ன லீக்கில் கேட்சராக இருந்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி, என் போன்றவர்கள் வீசிய பந்துகளைப் பிடித்தே அவன் வலக்கையில் மூன்று விரல்கள் கோணிப்போயின. பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வரும் என்று அவன் மனைவி வில்மாவே நம்புவதை விட்டிருந்தாள். அவன் விடவில்லை.

1951 கோடையில் எங்கள் ஒட்டம்வா ஊர் அணிக்கு இன்னொரு கேட்சர் வந்தான். க்ளெம் ரட்லிஜ், இருபது வயது. முதல் வாரமே, பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த தளத்தைத் திருட ஓடிய நாலு எதிரணி ஆட்களை, குந்திய வாக்கிலேயே பந்தை எறிந்து வெளியேற்றினான். க்ளெம் மட்டையைத் தூக்கினால் ஆர்வில் குனிந்து ஷூ லேசைக் கட்டத் தொடங்குவான்.

"பெருசு, உன் முட்டி கடகடன்னு சத்தம் போடுதே, அதக் கேட்டே எதிராளி உஷாராயிடுறான்யா" என்றான் க்ளெம், ஒருநாள் சாப்பாட்டுக் கடையில். எல்லோரும் சிரித்தோம். ஆர்விலும் சிரித்தான். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

ஆகஸ்டில், பெரிய லீக்கில் ஆடும் எங்கள் தாய் அணியின் கேட்சருக்குக் கட்டைவிரல் முறிந்தது. ஒருவனை உடனே அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. மேனேஜர் டோபின் ஆர்விலைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு க்ளெம்னுதான் தோணுது. நீ என்ன சொல்ற?"

"அவன் தோள் சரியில்ல சார். வலியில முனகுறான். வெளிய சொல்ல மாட்டேங்கிறான்."

நாங்கள் மூவரும் ஒரே அறையில்தான் தங்கியிருந்தோம். அப்படி ஒரு முனகலை நான் கேட்டதே இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் க்ளெம்மைக் கண்டால் ஆகாது.

ஆர்வில் போனான். நாலு ஆட்டம் ஆடினான், ஒரே ஒரு அடி அடித்தான், பதினோராம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டோபின், தோள் ஆறட்டும் என்று க்ளெம்மை மிச்ச சீசன் முழுக்க உட்கார வைத்தார். மறுவருடம் மேலே போன க்ளெம் அங்கே பத்து வருடம் ஆடினான். ஆர்வில் இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ரேடியோவில் க்ளெம்மின் பெயர் வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவான்.

1963-ல் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஊரில் விருந்து வைத்தார்கள். க்ளெம் நேரே ஆர்விலிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு நன்றி சொல்லணும்யா. என் தோளப் பத்தி நீதான் சொன்னேன்னு டோபின் அப்பவே சொன்னாரு. எனக்கு உயிர் போற வலி. பல்லக் கடிச்சுக்கிட்டு மறைச்சேன். அன்னிக்கு மேல போயிருந்தா ஒரே மாசத்துல கை போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எறியுறதுலயே தெரிஞ்சுது" என்றான் ஆர்வில்.

காரில் ஏறும்போது என்னிடம் சொன்னான்: "அவனுக்குன்னு குழி வெட்டினேன். அதுலகூட அவனுக்குத் தண்ணி வந்திருக்கு பாரு."

ஒரு வாரம் பொறுத்தான். அந்த நன்றியோடு க்ளெம் நிம்மதியாக இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அவன் வீட்டில் இருந்தபோதே போன் போட்டு, அன்று சொன்னது பச்சைப் பொய் என்று க்ளெம்மிடம் போட்டு உடைத்தான். மறுமுனையில் க்ளெம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"பொய் சொல்ற அளவுக்கா நான் நல்லா ஆடினேன்?"

ஆர்வில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லாத்தான் ஆடின" என்றான்.