வெளியே பார்க்க ஒன்றுமில்லை

அணு உலையில் விபத்து நேர்ந்தால் மக்களுக்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது என் வேலை. நடக்காத ஒன்றுக்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று என் கணவர் கேலி செய்வார். போன வருஷம் கடலுக்கு அக்கரையில் உள்ள நாட்டோடு சேர்ந்து ஒரே எச்சரிக்கையைத் தயாரித்தோம். கதிர்வீச்சு காற்றோடு கடல் தாண்டிவிடும். இரண்டு கரையிலும் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஐந்து வாக்கியத்துக்கு மேல் கூடாது என்று குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே எழுதினேன். வீட்டுக்குள் போங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், சொல்லும்வரை வெளியே வராதீர்கள் என்கிற மாதிரி ஐந்தும் கச்சிதமாக அமைந்துவிட்டன. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரம் கொள்ளிடத்தில் வெள்ளம். ஆற்றுப் பக்கம் போக வேண்டாம் என்று எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியது. கணவர் உடனே சட்டையை மாட்டினார்.

"கிளம்பு. ரெண்டு கரையும் தொட்டுப் போகுதாம்."

"போகக் கூடாதுன்னுதாங்க மெசேஜே வந்திருக்கு."

"அப்படின்னா தண்ணி நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்."

எச்சரிக்கை எழுதிப் பிழைக்கிற நான் வெட்கமில்லாமல் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். பாலத்தில் பாதி ஊர் நின்றது. வேர்க்கடலை வண்டிகூட வந்துவிட்டது. "பார்த்தாச்சுல்ல, வீட்டுக்குப் போங்க" என்று மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்த போலீஸ்காரரும் நடுநடுவே திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார். சுழித்துக்கொண்டு ஓடும் ஆற்றைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடலை கொறிக்கும்போதுதான் சுருக்கென்றது. என் எச்சரிக்கை வந்தாலும் இப்படித்தானே எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறுவோம்?

மறுநாள் ஆறாவது வாக்கியம் சேர்த்தேன்: "வெளியே பார்க்க ஒன்றுமில்லை; கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது."

வீடியோ கூட்டத்தில் தலைவர் நேரே அதில்தான் கை வைத்தார்.

"இது எதுக்கு மேடம்? ஆபத்துன்னு சொன்ன பிறகு யாராவது பார்க்க வருவாங்களா?"

பாலத்தில் நின்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை அதிகாரிகள் முன்னால் மானம் போய்விடுமே என்று சும்மா இருந்தேன். "சரி, எடுத்துடலாம்" என்றார்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கரை அதிகாரி, என்னைவிட இளைய பெண், மைக்கைப் போட்டார்.

"எடுக்காதேங்கோ. சுனாமி வந்த அண்டைக்கு, கடல் உள்வாங்கிட்டுதெண்டு பாக்கப் போனவன் என்ர தம்பி. திரும்பி வரேல்லை."

பிறகு தலைவர், "ஆறு வாக்கியமே இருக்கட்டும். ஆனா இது ஆறாவதா வேண்டாம். முதல் வாக்கியமா போடுங்க" என்றார்.

அப்படியே போட்டோம். இரண்டு நாட்டிலும் அதுவே இருக்கிறது. எனக்கு அதில் நிறைவுதான். ஒன்று மட்டும் இன்றும் குத்துகிறது. பாலத்தில் நின்றதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால், அந்தப் பெண் தன் தம்பியைப் பற்றி அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்காது.